ஹார்னெட் மலையில் ஒரே குரல்

மனித குலத்தில் பெரும்பாலோர் நடப்பதற்குப் பிறக்கிறார்கள். மிகச் சிலரே நடத்திச் செல்வதற்குப் பிறக்கிறார்கள். பிரெஸ்டன் விக்ஸ் தாம் இரண்டாவது வகை என்பதை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டவர். ஆனால் அன்று காலை ஹார்னெட் மலையடிவாரத்தில், காரின் பின் இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்து, மகனின் இடதுகைக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கிளம்பறப்ப போட்டிருந்தியேடா ஓட்டிஸ்!"

"போட்டிருந்தேன். ஜன்னலைத் திறந்து வெளியே கை ஆட்டினேன். அது மட்டும் போயிருச்சு."

"எங்கே?"

"டாட்டா காட்டிட்டுப் போயிருச்சு."

ஓட்டிஸுக்கு ஆறு வயது. எதற்கும் வருத்தப்படாத பிறவி. அவன் அக்கா ஹேஸலுக்கு ஒன்பது. அவள் பனியில் புதையாமல் நடக்கிற ஸ்நோ ஷூவை மாட்டி, தொப்பியை இழுத்துவிட்டு, தயாராகி வெகுநேரமாகியிருந்தது.

பிரெஸ்டன் கனெக்டிகட்டிலிருந்து வெர்மாண்டுக்குக் குடிவந்து எட்டு வருஷம். ஊர் மலையேற்றச் சங்கத்தில் சேர்ந்தும் எட்டு வருஷம். அதில் இதுவரை அவருக்குக் கிடைத்திருக்கும் பொறுப்பு, கூட்டத்துக்கு மடக்கு நாற்காலி போடுவதும் எடுப்பதும். இப்போது குளிர்காலக் குடும்ப நடைக்கு வழிகாட்டி வேண்டியிருந்தது. வழிகாட்டிக்கு ஆரஞ்சு நிற ஜாக்கெட் உண்டு. முதுகில் எழுத்து தைத்திருக்கும்.

சங்கத்தின் செயலாளர் வினிஃப்ரெட் ஸ்ட்ரௌட் அம்மாள் எழுபதைத் தாண்டியவர். பேச்சில் சுற்றி வளைக்கிற வழக்கமில்லாதவர். "உன் ரெண்டு பிள்ளைங்களையும் ஹார்னெட் மலைக்குக் கூட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டார். "அழாம திருப்பிக் கொண்டு வா. ஜாக்கெட்டைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

பிரெஸ்டன் அன்றைக்கே வாசல் சுவரில் ஜாக்கெட்டுக்கு ஓர் ஆணி அடித்துவிட்டார். அவர் மனைவி கோரா ஆணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆணி கெட்டியாத்தான் இருக்கு. பிள்ளைங்க அழுதுட்டு வந்தாங்கன்னா, இதுல மடக்கு நாற்காலியை மாட்டிக்க."

ஆகவே கையுறை கிடைக்கவில்லை என்பதற்காகத் திரும்பிப் போகிற பேச்சே இல்லை. பிரெஸ்டன் பையிலிருந்த தமது மாற்றுக் காலுறையை எடுத்து ஓட்டிஸின் கையில் முழங்கை வரைக்கும் மாட்டிவிட்டார்.

"மலையேறிகள் எல்லாம் இப்படித்தான் செய்வாங்க."

"நாத்தமடிக்குது."

"அதுவும் மலையேறிகள் வாசனைதான். ரெண்டு பேரும் கேளுங்க. மலையில ஒரே குரல்தான் கேக்கணும். என் குரல். கேள்வி இருந்தா கையைத் தூக்குங்க. பதில் உச்சியில."

இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. இப்போதும் ஈரப்பனி தூறியது. மூடுபனியில் நாலு எட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அறிவிப்புப் பலகை எதையும் படிக்க முடியவில்லை. எல்லாம் வெள்ளை அப்பிக் கிடந்தன. வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் பனி தள்ளும் லாரி ஒன்று ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"பொறுப்பில்லாத ஜனங்க," என்றார் பிரெஸ்டன். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

காலடிகள் அழுத்தி அழுத்தி இறுகிப்போன ஒரு பாதை, மரங்களை நோக்கிப் போயிற்று.

"பாத்தீங்களா? எத்தனை பேர் நடந்திருக்காங்க! அடிகளுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி பாருங்க. எல்லாரும் வேகமா போயிருக்காங்க. அனுபவசாலிகளோட நடை அப்படித்தான் இருக்கும்."

ஹேஸல் கையைத் தூக்கினாள்.

"உச்சியில," என்றார் பிரெஸ்டன்.

பாதையோரம் பனி மூடிய சின்ன மரக்குடில் ஒன்று நின்றது. பிரெஸ்டனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மலைக்காவலரின் குடில். மேலே போகிறவர்கள் தகவல் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. அவர் கதவைப் பலமாகத் தட்டினார்.

"இருங்க, வர்றேன்!" என்று உள்ளேயிருந்து ஒரு முரட்டுக் குரல்.

"வேணாம், நீங்க சிரமப்படாதீங்க! மேலே போறோம். மூணு பேர். அதுல ரெண்டு குழந்தைங்க. குறிச்சுக்கங்க!"

"...சரி," என்றது குரல்.

"பொறுப்பான மனுஷன்," என்றார் பிரெஸ்டன். ஹேஸலின் கை இன்னும் உயரமாகப் போனது.

குடிலுக்குப் பின்னால் பாதை திடீரென்று இல்லாமல் போயிற்று. எத்தனையோ அனுபவசாலிகள் அந்த இடத்தோடு ஆவியாகிவிட்டார்கள் போல. பிரெஸ்டன் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் மரத்துக்கு மரம் இடுப்பளவில் கட்டியிருந்த நீலக் கயிறு கண்ணில் பட்டது. விரல் பருமன், விறைப்பு, பிளாஸ்டிக் பளபளப்பு.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்காலத்தில் பாதையோரம் பிடித்து நடக்கக் கயிறு கட்ட வேண்டும் என்று நாலு கூட்டத்தில் எழுந்து பேசியவர் அவர். நாலு தடவையும் வினிஃப்ரெட் அம்மாள், "நாற்காலியெல்லாம் எடுத்து வெச்சாச்சா?" என்றுதான் கேட்டிருந்தார்.

"கட்டிட்டாங்க! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கட்டிட்டாங்க! பிடிச்சுக்குங்க பிள்ளைங்களா. இது உங்கப்பா யோசனை."

மூவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஹேஸல் ஒரு கையால்தான் பிடித்தாள். இன்னொரு கை மேலேயே இருந்தது.

ஓட்டிஸ் காலுறைக் கையால் பனியை அள்ளித் தின்றுகொண்டே வந்ததில் காலுறை நனைந்து சொட்டியது. பிரெஸ்டன் தமது கையுறையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். அதனால் அவருடைய விரல்கள் மரத்தன. மரத்த விரல்களால் கோகோ பிளாஸ்க்கின் மூடியைத் திறக்க முடியவில்லை. பல்லால் திருகினார். மூடி கழன்ற வேகத்தில் கோகோ முழுவதும் அவர் மடியில் கொட்டியது.

"அப்பா, நீங்க ஒண்ணுக்குப் போயிட்டீங்களா?" என்றான் ஓட்டிஸ்.

"இது கோகோடா."

"எனக்கு வருது."

"கோகோவா?"

"இல்ல."

"கீழேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அங்க எங்க போறது?"

ஹேஸல் மற்றொரு கையையும் தூக்கினாள்.

"ரெண்டு கை தூக்கினாலும் உச்சியிலதான்," என்றார் பிரெஸ்டன்.

ஓட்டிஸின் பனி அங்கியின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை விடுவித்து, தோள் பட்டியை இறக்கி, அதற்குள் இருந்த கம்பளிக் காற்சட்டையை இறக்கி, அதற்குள் இருந்த இன்னொன்றையும் இறக்கி முடித்தபோது பிரெஸ்டனுக்கு வேர்த்துவிட்டது.

"ம், போ."

ஓட்டிஸ் யோசித்தான். "இப்ப வரல."

எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிட்டார். ஜிப்பை மேலே இழுத்து மூடினார்.

"இப்ப வருது," என்றான் ஓட்டிஸ்.

இரண்டாம் சுற்று முடிந்தபோது பிரெஸ்டனின் விரல்கள் அவருடையவை போலவே இல்லை. காற்று வேறு கிளம்பியது. கிளைகளிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று விழுந்தது. கயிற்றைப் பற்றிக்கொண்டு நின்றவர், பின்னால் திரும்பிப் பார்த்தால் ஓட்டிஸ் அதை நக்கிக்கொண்டிருந்தான்.

"டேய்! என்ன பண்றே?"

"அப்பா, இந்தக் கயிறு இனிக்குது."

பிரெஸ்டன் சட்டென்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உயரமான மலைகளில் காற்று குறைந்தால் மூளை கலங்கும், இல்லாததெல்லாம் இருப்பதாகத் தோன்றும் என்று அவர் படித்திருந்தார்.

"மூச்சை நல்லா இழுத்து விடு. ஆக்சிஜன் பத்தலைன்னா அப்படித்தான் இருக்கும். ஹேஸல், உனக்குத் தலை சுத்துதா?"

ஹேஸல் இல்லையென்று தலையாட்டினாள். கை மட்டும் இறங்கவில்லை.

"இவளுக்குக் கையே இறங்க மாட்டேங்குது," என்று முணுமுணுத்தார் பிரெஸ்டன். "தசை விறைச்சுப் போச்சு."

இனித் தாமதிப்பது ஆபத்து. பெரிய சிகரங்களில் ஏறுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொள்வார்கள். பிரெஸ்டன் நீலக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மரத்திலிருந்து பொட்டென்று ஒரு சின்ன முளையோடு வந்தது. இன்னொரு மரத்திலிருந்து இழுத்தார். அதுவும் வந்தது. 'சங்கத்து வேலை இவ்வளவுதான்' என்று நினைத்துக்கொண்டார். தம் இடுப்பில் ஒரு சுற்று, ஹேஸலுக்கு ஒரு சுற்று, ஓட்டிஸுக்கு இரண்டு சுற்று.

"அப்பா, நாம இறங்குற மாதிரி இருக்கே?" என்றான் ஓட்டிஸ்.

"பெரிய மலையெல்லாம் இறங்கித்தான் ஏறும்."

மிச்சக் கயிறு எங்கே போனதோ அங்கே போனார்கள். அது இறங்கிக்கொண்டே போயிற்று. போகப் போக இன்னும் சில முளைகள் பிடுங்கிக்கொண்டு பின்னால் இழுபட்டன. பிரெஸ்டன் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார். உச்சி போகட்டும், ஜாக்கெட் போகட்டும், இந்த இரண்டும் அழாமல் இருந்தால் போதும். ஓட்டிஸின் உதடு ஒரு தடவை பிதுங்கியது. பிரெஸ்டன் அவசரமாக அவனை முதுகில் தூக்கிக்கொண்டார்; நீண்ட பாட்டு ஒன்றைச் சுருதியே இல்லாமல் பாடினார். பிதுங்கிய உதடு சிரித்துவிட்டது.

மூடுபனிக்குள் ஒரு கூரை தெரிந்தது. கூரை மேல் வெள்ளைப் புகை.

"குடில்! பிழைச்சோம்!"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மூவரும் ஒரே மூட்டையாக உள்ளே விழுந்தார்கள். இடுப்பில் நீலக் கயிறு, கயிற்றின் வாலில் டிக் டிக்கென்று தரையில் மோதும் பிளாஸ்டிக் முளைகள். உள்ளே ஆவி பறந்தது. நீளமான தகரத் தொட்டியில் என்னவோ கொதித்தது. அதன் அருகே கரண்டியும் கையுமாக வினிஃப்ரெட் அம்மாள் நின்றிருந்தார்.

அவர் பிரெஸ்டனைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். சுவரிலிருந்த அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தார். அது பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"ஆக, நீதானா அது?" என்றார். "காலையிலேர்ந்து முள் இறங்கிட்டே இருக்கு. மானோ மரநாயோ கடிச்சிருச்சுன்னு நெனச்சேன். என் மேப்பிள் மரத்துலேர்ந்து சாறு உறிஞ்சற குழாயை எதுக்குய்யா அரைஞாண் கயிறு மாதிரி கட்டிட்டு வந்து நிக்கிறே?"

பிரெஸ்டன் வருஷா வருஷம் அவரிடம்தான் மேப்பிள் பாகு வாங்குவார். சீசாவில் ஒட்டியிருக்கும் படத்தில் மரத்துக்கு மரம் சாறு பிடிக்கிற தகர வாளி தொங்கும். இப்போதும் வாளிதான் என்று எட்டு வருஷமாக நம்பியிருந்தார்.

"நான்தான் சொன்னேனே, இனிக்குதுன்னு," என்றான் ஓட்டிஸ்.

பிரெஸ்டன் நிமிர்ந்து நின்றார். நடத்திச் செல்லப் பிறந்தவர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில்தான் குரல் நன்றாக வரும்.

"மேடம், மறைக்க விரும்பல. குழாய்னு எனக்குத் தெரியல. மேல பனியும் காத்தும் ஆளைத் தூக்குது. பையனுக்கு மயக்கம், பொண்ணுக்குக் கை விறைப்பு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா உச்சி. ஆனா ஒரு வழிகாட்டிக்கு உச்சியா முக்கியம்? உயிர்தான் முக்கியம். கையில கெடச்சதைப் பிடிச்சு இறக்கிக் கொண்டு வந்துட்டேன். குழாய்க்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன்."

வினிஃப்ரெட் அம்மாள் ஓட்டிஸின் ஷூவைக் கழற்றி விரல்களைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தன. ஒரு கிண்ணத்துப் பனியில் கொதிக்கும் பாகை ஊற்றி, அது மிட்டாய் போல இறுகியதும் அவனிடம் நீட்டினார்.

"அழுதியாடா?"

"இல்ல. அப்பா பாடினாங்க. அப்ப கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

அம்மாளின் வாயோரம் லேசாக நெளிந்தது.

"நாளைக்கு வந்து ஒவ்வொரு மரமா குழாயை நீதான் மாட்டணும்," என்றார் பிரெஸ்டனிடம். "ஆனா ஒண்ணு சொல்றேன். உச்சி உச்சின்னு பிள்ளைங்களை இழுத்துட்டுப் போயி அழவெச்ச ஆளுங்க நெறைய பேரை நான் பாத்துட்டேன். பாதி வழியில திரும்ப மனசு வர்றவனுக்குத்தான் அந்த ஜாக்கெட். அங்க தொங்குது பாரு, எடுத்துப் போட்டுக்க."

பிரெஸ்டன் எடுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு முதன்முறையாக ஒரு ஜிப் சிக்காமல் மேலேறியது. வீட்டுச் சுவரிலிருந்த ஆணியை நினைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு ஏன் கையைத் தூக்கிட்டே நிக்குது?" என்றார் வினிஃப்ரெட் அம்மாள்.

"அது ஒண்ணுமில்ல மேடம், விறைப்பு," என்றார் பிரெஸ்டன் அவசரமாக. "மலையில ஒரே குரல்தான் கேக்கணும்னு சொல்லியிருந்தேன். ஒழுக்கமான பொண்ணு."

கதவு திறந்தது. பனியை உதறிக்கொண்டு வினிஃப்ரெட் அம்மாளின் கணவர் ஆரின் உள்ளே வந்தார். ஊருக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர்.

"ஆரின், இவர்தான் நம்ம புது வழிகாட்டி," என்றார் அம்மாள். "உச்சிக்குப் பக்கத்துல போயி, பிள்ளைங்களுக்காகத் திரும்பி வந்திருக்காரு."

"வணக்கம் சார்," என்றார் பிரெஸ்டன். "மேலே போனோம், மூணு பேர்—"

ஆரின் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அட, இந்தக் குரல்தான்! வினி, காலையில லாரியை நிறுத்திட்டு, வண்டி நிறுத்துற இடத்துக் கக்கூஸ்ல உக்காந்திருக்கேன், ஒருத்தர் வந்து கதவைத் தட்டி, மேலே போறோம், மூணு பேர், குறிச்சுக்கங்கன்னாரு. கக்கூஸுக்குப் பின்னால நம்ம மேப்பிள் தோப்புதானே இருக்கு, இவரு எந்த மலைக்குப் போறாருன்னு உக்காந்தே யோசிச்சேன்."

ஹேஸல் கையை இறக்கினாள்.