ஓசோன் காக்காவின் வளிமண்டலம்

டயர் ஒட்டும் கடைகள் எங்கும் உண்டு. ஆனால் காற்றைப் போடுவதற்கு முன் அந்தக் காற்றின் குலங்கோத்திரத்தையே ஒப்புவிக்கிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் காத்தான்குடியில் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கலாம். ஊருக்கு அவர் ஓசோன் காக்கா; எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

"காக்கா, முன்சில்லுக்குக் கொஞ்சம் காத்துப் போடுங்க" என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் தொலைந்தீர்கள். குழாயைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

"என்ன காத்துப் போடுறன் எண்டு தெரியுமா? நூறு பங்கில எழுவத்தெட்டு நைதரசன். இருவத்தொண்டு ஒட்சிசன். நாம உசிரோட இருக்கிறது அந்த இருவத்தொண்டாலதான். மிச்சம் ஒண்டுக்குள்ள ஆகனும் காபனீரொட்சைட்டும் நெருக்கியடிச்சிக் கிடக்கு."

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மகள் வகுப்பேற வகுப்பேற, அவளுடைய விஞ்ஞானப் புத்தகங்களை இவரும் கடையில் உட்கார்ந்து படித்து முடித்தார். படித்ததைச் சுவரில் வரைந்தார். கீழே டியூப்கள் தொங்குகிற இடம் மாறன்மண்டலம். அதற்கு மேலே படைமண்டலம், இடைமண்டலம், வெப்பமண்டலம். ஒவ்வொன்றிலும் வெப்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டச் சிவப்பு அம்புக்குறி. புறமண்டலத்துக்குச் சுவர் போதாமல் தகரக் கூரையின் அடிப்பக்கத்தில் வரைந்துவிட்டார்.

"கூரை ஒழுகுதே காக்கா, பாக்கக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மழையெல்லாம் மாறன்மண்டலத்து விசயம் சேர். புறமண்டலத்தில எப்பிடி ஒழுகும்?" என்றார். என் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

வெல்லாவெளியிலிருந்து உழவு இயந்திரச் சில்லோடு வந்த ஒருவர், வயல் வட்டையில் விதைப்புக்கு ஆட்கள் நிற்கிறார்கள் என்று கெஞ்சினார். காக்கா விடவில்லை. எரிகற்கள் இடைமண்டலத்தில்தான் எரிந்து போகின்றன என்பதைக் காட்டிவிட்டுத்தான் சில்லைத் தொட்டார். "விதைப்பு நாளைக்கும் நடக்கும் தம்பி. கல்லெல்லாம் வந்து வயலுக்குள்ள விழுந்தா எங்க விதைப்பாய்?" அந்த மனிதர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் பாடசாலையில் வணிகக்கல்வி படிப்பிக்கிறவன். ஆனால் குரல் கணீரென்று இருப்பதால் ஊரில் எந்த விழாவுக்கும் மைக் என் கையில்தான் வரும். வாசிப்பு மாதத்துக்கு நூலகத்தில் பெரியவர்களுக்கு ஒரு பொது அறிவுப் போட்டி வைத்தார்கள். கேள்விகளையும் பதில்களையும் நானே எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

கடைசிச் சுற்றில் ஓசோன் காக்காவும் ஒரு வங்கி உத்தியோகத்தரும் மிஞ்சினார்கள். முன்வரிசையில் காக்காவின் மகள், கையைப் பிசைந்தபடி இருந்தாள். நான் கேட்டேன்: "வளிமண்டலத்தில் மேலே போகப்போக வெப்பநிலை என்னவாகும்?"

காக்காவின் முகம் பெருநாள் காலைபோல் மலர்ந்தது. "முதல்ல குறையும் சேர். படைமண்டலத்தில கூடும். இடைமண்டலத்தில திரும்பக் குறையும். வெப்பமண்டலத்தில திரும்பக் கூடும்."

என் தாளில் இருந்தது ஒரே சொல்: குறையும். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் நடுங்கிய அனுபவத்தில் எழுதியது. தவறு என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மைக் கையில் இருந்தால் நாக்கு நிற்குமா? "மேலே போனாச் சூடெண்டா, நுவரெலியாவில ஆக்கள் ஏன் காக்கா சுவெட்டர் போடுறாங்க?" என்றேன். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. காக்காவும் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சில வாரங்கள் கழித்துத் தவணைப் பரீட்சையில் மேற்பார்வைக்கு நின்றேன். விஞ்ஞான வினாத்தாளில் வளிமண்டல வெப்பநிலை வரைபு ஒன்று பாம்புபோல் வளைந்து வளைந்து போனது. "அச்சுப் பிழையா டீச்சர்?" என்று விஞ்ஞான டீச்சரிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "படைமண்டலத்தில ஓசோன் இருக்கெல்லோ சேர். அது சூரியன்ட புறஊதாக் கதிர உறிஞ்சிறதால அங்க மேல போகப்போகச் சூடு கூடும். பிள்ளையளுக்கே தெரியுமே."

உடனே போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லடி ஊர்வரை போய்க் காற்றுப் போடத் தொடங்கினேன். காக்காவின் கடையைக் கடக்கும்போது, எதிர்ப்பக்க மருந்துக்கடைப் பலகையை வாய்விட்டு வாசித்தபடி போவேன். இப்படி மூன்று மாதம்.

ஒருநாள் உச்சி வெயிலில், சரியாக அவர் கடை வாசலில், பின்சில்லு சீறிக்கொண்டு படுத்துவிட்டது.

"வாங்க சேர், எவ்வளவு நாளாச்சி!" என்று காக்கா முக்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே போன நான் சுவரைப் பார்த்தேன். சிவப்பு அம்புக்குறிகள் எல்லாம் சுரண்டப்பட்டிருந்தன. எல்லாப் படைகளுக்கும் சேர்த்து, 'குறையும்' என்று கீழ்நோக்கி ஒரே ஒரு நீல அம்புக்குறி.

"என்ன காக்கா இது?"

"பிழையைத் திருத்திட்டன் சேர். இப்ப வாற ஆக்களுக்கெல்லாம் சரியாச் சொல்றன். சேர் சொன்னவர் எண்டு ஒங்கட பேரையும் சொல்லித்தான் சொல்றன்."

சில்லிலிருந்து போன காற்றோடு என் உயிரும் போயிருக்கலாம். என்னைப் பழிக்கிறார், திட்டுகிறார் என்றெல்லாம் நினைத்து ஒளித்துத் திரிந்தேன். அவரோ என்னை நம்பியிருக்கிறார். தன் கண்ணால் படித்ததைவிட என்னை நம்பியிருக்கிறார்.

"காக்கா, நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் தெரியாது. தெரிஞ்ச பிறகும் வந்து சொல்லல்ல."

காக்கா சில்லில் ஏறிய ஆணியைப் பிடுங்குவதை நிறுத்தினார். சுவரிலிருந்த நீல அம்புக்குறியைப் பார்த்தார். கோபித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சேர், மகள் அண்டைக்கு வீட்ட வந்து அழுதா. வாப்பா சொன்னதுதான் சரி, புத்தகத்தில இருக்கு எண்டா. சேருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமா எண்டு நான் ஏசிப்போட்டன். புத்தகத்தையும் பறிச்சி வெச்சிட்டன்." கையைத் துணியில் துடைத்தார். "எனக்கு ஒண்டும் வேணாம் சேர். அவவிட்ட மட்டும் நீங்களே வந்து சொல்லுங்க."

காக்காவோடு வீட்டுக்குப் போனேன். கதவடியில் நின்ற அந்தப் பிள்ளையிடம், "நீயும் வாப்பாவும் சரி மகள், நான்தான் பிழை" என்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. தகப்பனைப் பார்த்தாள். காக்கா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

அன்று மண்டபத்தில் என்னோடு சிரித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் அறிந்துகொள்ளுங்கள்: காக்கா சொன்னதுதான் சரியான விடை. நான் இப்போது சில்லில் காற்றுக் குறையாத நாட்களிலும் அந்தக் கடையில் நிறுத்துகிறேன். அவர் நைதரசனிலிருந்து தொடங்கினால், முடியும்வரை எழும்ப மனம் வருவதில்லை.