கட்சிக்காரர் இல்லாத கேஸ்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் நர்சிங் கல்லூரிக்கு நீங்கள் வகுத்துக் கொடுத்த ஆன்லைன் பாடம் அப்படி எழுத விடவில்லை.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், தினமும் மாலையில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு கேஸ் பேசுகிறாள். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கேஸ் தெரியாதா என்று எட்டிப் பார்த்தேன். நோயாளிக்கு முகம் கிடையாது, நாலு வரி எழுத்துதான். மூச்சு வாங்குகிறது என்கிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து மணிக்கணக்காக வாதாடினார்களே தவிர, அந்த மனுஷனை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. முடிந்ததும், இதில் நான் என்ன உணர்ந்தேன் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டுமாம்.

"ஆள் பிழைச்சாரா?" என்று கேட்டேன்.

"அது பாடத்துல இல்லப்பா. நாங்க எப்படி யோசிச்சோம்ங்கறதுதான் முக்கியம்."

கைதி எக்கேடு கெட்டால் என்ன, நீதிபதி என்ன உணர்ந்தார் என்று எழுதினால் போதும் என்று எங்கள் கோர்ட் நடந்திருந்தால் விளங்கியிருக்கும்.

அது தொலையட்டும் என்று விட்டேன். நேற்று சோடா எடுக்கப் போனால் அவள் புது நோயாளியை வாசிக்கிறாள்: அறுபது தாண்டியவர், முன்கோபி, மாடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாய்வு என்று சோடா குடிப்பவர், டாக்டர் என்றாலே சண்டைக்கு வருபவர். கையில் சோடாவோடு நிற்கிறேன் நான். காமிராவை அணைத்து வைத்திருந்த ஒரு பையன், "ரிட்டையர் ஆனதும் மரியாதை போச்சுன்னு ஏக்கமா இருக்கும்" என்கிறான். முகம் காட்டத் துணிவில்லாதவன் என் மரியாதையை அளக்கிறான். உங்கள் அக்காவோ அடுப்படியிலிருந்து, "ராத்திரியில வேர்க்குது, அதையும் சேர்த்துக்கோ" என்று பிறழ்சாட்சி சொல்கிறாள். கடைசியில் மகள், தான் உணர்ந்ததைப் படித்தாள்: "முன்பின் தெரியாத நோயாளியிடம் பேசிவிடுகிறேன். அப்பாவிடம் பேசத்தான் பயமாக இருக்கிறது." நான் செருமினேன். திரும்பிப் பார்த்தவள், "ஒரு தடவை டாக்டர்கிட்ட போயிட்டு வரலாமாப்பா?" என்றாள். கேஸ் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெற்ற தகப்பனிடம் சொல்ல வேண்டியதை ஊரையே கூட்டி வைத்துச் சொல்வதற்குப் பெயர் படிப்பா? அவளை இந்த மாதமே கல்லூரியிலிருந்து நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்களுக்கு மட்டும் இந்தத் தடவை இல்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வேர்த்துக் கொட்டி, இடது கை மரத்துப் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். இரத்தக் குழாயில் அடைப்பாம், சரி செய்துவிட்டார்கள். வரும் வழியெல்லாம் மகள் என் மணிக்கட்டை விடவேயில்லை. யாருடைய கருத்தையும் கேட்கவும் இல்லை. கல்லூரியிலிருந்து நிறுத்தும் பேச்சே வேண்டாம். நோயாளி என்ன உணர்ந்தார் என்று வகுப்பில் கேட்கிறார்களாம், என்ன எழுதட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ரொம்பப் பயந்துவிட்டார் என்று எழுதச் சொல்லிவிட்டேன். உங்கள் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.