ஏழு பொத்தான் படம்

குழாய் கசிந்தால் பிளம்பரைக் கூப்பிடுவார்கள். ரகசியம் கசிந்தால் என்னை. வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியில் அதுதான் என் உத்தியோகம். புது கேம் வெளியாகும் முன்பே அதன் படம் வெளியே வந்துவிட்டால் மேனேஜர் என் தலையை உருட்டுவார். போன தடவை நன்றாகவே உருட்டினார்.

இந்தத் தடவை பொறி வைத்தேன். கதாநாயகன் படம் என்னையும் சேர்த்து ஒன்பது பேரிடம் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் சட்டைப் பொத்தான்களின் எண்ணிக்கையை மாற்றிவிட்டேன். எந்தப் படம் வெளியே வருகிறதோ, அதை வைத்திருந்தவரும் வெளியே.

மூன்றாம் நாளே இணையத்தில் படம் வந்தது. கையைத் தேய்த்துக்கொண்டு எண்ணினேன். ஏழு. பட்டியலைப் பார்த்தேன். ஏழு, என்னுடையது.

என் போனில் கைவைக்க வீட்டில் இரண்டே பேர். மனைவி பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள்களுக்குக் காவல் இருப்பவள். அவள் வாயிலிருந்து ஒரு மார்க்கூட நழுவாது. ஆக, எங்களோடு தங்கியிருக்கும் அவள் தம்பிதான். மச்சானைச் சாப்பாட்டு மேசை முன் நிறுத்தி விசாரித்தேன். போனைத் தொடவேயில்லை என்று சாதித்தான். நாளைக்கு மேனேஜரிடம் உன் பெயரைத்தான் சொல்வேன் என்றேன். பையன் முகம் வெளிறிவிட்டது.

மனைவி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை சலூனுக்குப் போனீங்களே. எப்படி வெட்டணும்னு சொன்னீங்க?"

"சொல்லல. காட்டினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

"படத்தோட ஓரத்துல சீப்பு தெரியுது" என்றாள்.

கதாநாயகன் தலையைப் போலவே வெட்டச் சொல்லி, படத்தோடு போனை சலூன்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தேன். அவர் அதைப் படம்பிடித்து, 'எங்கள் புது ஸ்டைல்' என்று இணையத்தில் போட்டுவிட்டார். அங்கிருந்து படம் மட்டும் பரவியிருந்தது. ஒட்ட வெட்டிய பக்கங்களும் நடுவில் கோழிக்கொண்டையுமாக, சாட்சி என் தலைமேலேயே நின்றது.

தொப்பி போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன் என்றேன்.

"முதல்ல தம்பிகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் மேனேஜர்கிட்ட."

இரண்டையும் அதே வரிசையில் செய்தேன். மேனேஜர் திட்டவேயில்லை. யார் கண்டுபிடித்தது என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் என் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்தாள். வரப்போகும் கேம் முழுக்க அவளுக்கு அத்துப்படி. எனக்கு அதன் பேரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.