தூங்குமூஞ்சி மரத்துத் தீர்த்தம்

சோமனூருக்குத் தெற்கே, அங்கப்பன் தோட்டத்து வேலியோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அழுகிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா? கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து கார்கள் வந்தன. தறிக்கூடங்களுக்குப் பாதி நாள் லீவு. பங்குனி வெயிலில், மேகமே இல்லாத வானத்தின் கீழ், மரத்திலிருந்து பொடித் தூறலாய் நீர் சொட்டியது. நக்கிப் பார்த்தால் இனித்தது. போதாதா? தீர்த்தம் ஆகிவிட்டது. டம்ளர் ஏந்தினார்கள், தட்டு ஏந்தினார்கள். ஒரு புண்ணியவான் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி ஏந்தினார். பிள்ளைகளின் நாக்கிலும் தடவினார்கள்.

அருளுக்கு விளக்கம் சொல்ல ஒருவர் வேண்டுமே! சொட்டுநீர்ச் சித்தர் வந்து கூடாரம் போட்டார். துறவுக்கு முன்பு தோட்டம் தோட்டமாகச் சுற்றிச் சொட்டுநீர்க் குழாய் விற்றவர். பட்டப்பெயர் தேடி அலையும் சிரமம் அவருக்கு இல்லை.

"இது தண்ணியில்லீங்க, கண்ணீரு" என்றார் சித்தர். "இந்த ஊட்டுல சின்ன வயசுல செத்துப்போன பொண்ணு மரத்துக்குள்ளார இருந்து அழுகுது. கெணத்துல தள்ளுனது யாருன்னு வார அமாவாசைக்கு மரமே பேரச் சொல்லிப்போடும்."

மரத்தடியில் மாலை போட்ட படம். அங்கப்பனின் தங்கை நஞ்சம்மாள், பதினெட்டு வயது முகம். பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சீசா, உள்ளே சிவப்பு வண்டுகள். பெண்ணின் ஆவியைக் கடிக்க வந்த காட்டேரிகளாம்! தினமும் காலையில் கிளை கிளையாகப் பொறுக்கிச் சிறை வைத்தாராம் சித்தர். ஊறுகாய்ச் சீசாவில் அடங்கிவிடுகிற காட்டேரிகள்!

அங்கப்பனுக்கு எழுபது வயது. முதுகும் வளைந்ததில்லை, வேட்டி மடிப்பும் கலைந்ததில்லை. அவரைக் கண்டால் எழுந்து நின்ற டீக்கடை பெஞ்சு இப்போது குசுகுசுத்தது: "கௌரவத்துக்காகப் புள்ளய உள்ள தள்ளிப்போட்டாங்களாமா." பேரன் பிரவின்குமாருக்குப் பெண் பேசியவர்கள் போனை எடுக்கவில்லை.

சித்தர் தனியே வந்து காதைக் கடித்தார். "ஏனுங்க, மரத்தையும் சுத்தி இருக்கற நெலத்தையும் இந்த மரத்து ஆத்தா பேருக்கு எழுதி என் கையில குடுத்துட்டீங்கன்னா, அது பேசாம அடங்கிப்போயிருமுங்க."

அங்கப்பன் தானப் பத்திரம் எழுதச் சொல்லிவிட்டார். கொலை செய்யாதவருக்கு என்ன பயம்? விஷயமே அதுதான். நஞ்சம்மாள் சாகவே இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன், தோட்டத்தில் கூலிக்கு வந்த குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு உக்கடம் போய்விட்டாள். அண்ணன் தலைமுழுகினார். கிணற்றில் விழுந்து போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்லி, படத்துக்கு மாலையும் போட்டார். பிணம் எங்கே என்று கேட்கும் பழக்கம் ஊருக்கு அப்போதும் இல்லை.

இப்போது உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் கொலைகாரன். இதற்குப் பத்திரமே தேவலை என்று பட்டது அவருக்கு.

அமாவாசை காலை. பத்திரத்தோடு மரத்தடியில் நின்றார். டவுன் பஸ்ஸிலிருந்து கைத்தெளிப்பானும் பையுமாக ஒரு பெண் இறங்கினாள். அங்கப்பனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நரைத்திருந்தாலும் அதே நடை.

"ஏனுங்க சாமி, படத்துல இருக்கற புள்ள யாருங்க?"

"ஆவிம்மா. தள்ளி நில்லு."

"நாந்தானுங்க அந்த ஆவி. செல்போன்ல என் படத்துக்கே மாலை போட்டிருந்ததப் பாத்தேன். அடுத்த பஸ்ஸுக்குப் போவோணும், வெரசா அழுதுட்டுப் போயர்றனுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தர் மட்டும் அங்கப்பன் பக்கம் திரும்பினார். "பெரியவரே, இவ உங்க தங்கச்சியா? சொல்லுங்க!"

அங்கப்பன் கையிலிருந்த பத்திரத்தைப் புரட்டினார்.

"அவுரு அப்பறமாச் சொல்லட்டும். மொதல்ல மரத்தக் கேப்போம்" என்று ஒரு கொப்பை வளைத்தாள் நஞ்சம்மாள். அரிசி மாவு அப்பியது போல் வெள்ளை. அதன்மேல் எறும்புச் சாரை. "இது மாவுப்பூச்சிங்க. நான் நாத்துப் பண்ணை வெச்சிருக்கறன், இதோட தெனமும் சண்டை. மரத்துச் சாற உறிஞ்சிக் குடிக்கும். மிச்ச இனிப்பப் பின்னால விட்டுப்போடும். அதுக்கு ஆசப்பட்டு எறும்பு காவல் நிக்குது."

"பின்னாலன்னா?" என்றார் ஹெல்மெட் புண்ணியவான்.

"பின்னாலதானுங்க."

ஹெல்மெட் கீழே விழுந்தது.

மேலே வேறு கிளை இல்லாமல் வெளியே நீண்ட இரண்டு கொப்புகளைத் தேர்ந்தாள். ஒன்றைச் சோப்புத் தண்ணீர் அடித்துத் துடைத்தாள். ஈரம் காய்ந்ததும் இரண்டின் கீழும் வெள்ளைத் துணி விரித்தாள். ஒரு மணி நேரம். துடைத்த கொப்பின் கீழே துணியில் ஒரு பொட்டும் இல்லை. மற்றதில் பிசுபிசுவென்று பொட்டுப் பொட்டாய்த் தீர்த்தம்.

"ஆவிக்குச் சோப்பு ஆவாதுங்களா, சாமி?"

சீசாவைத் திறந்து ஒரு வண்டைப் பூச்சிக் கொப்பில் விட்டாள். காட்டேரி ஆவியைத் தேடவில்லை. மாவுப்பூச்சியைக் கடித்துத் தின்றது. "பொறிவண்டுங்க. மரத்தக் காப்பாத்த வந்தத ஜெயில்ல போட்டுட்டு, மரத்த உறிஞ்சறதுக்குக் கும்புடு போட்டிருக்கீங்க. எலையெல்லாம் கொட்டறது தெரியலீங்களா?"

குழாய் விற்றவருக்குப் பொறிவண்டு தெரியாதா? தெரிந்துதான் பொறுக்கினார். பூச்சி செத்தால் தீர்த்தம் நிற்கும், தீர்த்தம் நின்றால் நிலம் போகும்.

"பூச்சி கெடக்கட்டும்!" சித்தர் கத்தினார். "இவ நஞ்சம்மாளே இல்ல! பொண்ணு செத்ததுக்குப் பெரியவரே சாட்சி!"

கூட்டம் முழுவதும் அங்கப்பனைப் பார்த்தது. அவர் படத்தருகே போனார். மாலையைப் பிய்த்து எறிந்தார். பத்திரத்தையும் கிழித்தார்.

"எந்தங்கச்சி சாகலீங்க. சாதிக்குப் பயந்து நாந்தான் மாலையப் போட்டுச் சாகடிச்சுப்போட்டேன். நான் வளத்த பொய்யில இவன் பூச்சியா ஏறிக்கிட்டான்." பிறகு, நாற்பது வருஷமாகச் சொல்லாத வார்த்தை: "அம்மணி, ஊட்டுக்கு வா."

"உங்க மாப்பிள்ளையையும் சேத்துக் கூப்புடுங்கண்ணா. ரண்டு பேருமா வாரோம்" என்றாள் அவள்.

அங்கப்பனின் முதுகு முதல் முறையாகச் சற்று வளைந்தது. "கூப்புடறேன்" என்றார்.

சித்தரைத் தேடினார்கள். கூடாரம் இருந்தது, அவர் இல்லை. குழாயடியில் வாய் கொப்பளிக்க நீண்ட வரிசை.

திறந்த சீசாவிலிருந்து வண்டுகள் மரமேறின. சில வாரங்களில் அழுகை நின்று துளிர் வந்தது. வேறெங்காவது மரம் அழுகிறதா என்று ஹெல்மெட் புண்ணியவான் விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. மரத்தைக் காக்கப் பொறிவண்டு இருக்கிறது, ஐயா. உம்மைக் காக்கத் தலை இருக்கிறது. அது ஹெல்மெட் மாட்டுவதற்கு மட்டுமல்ல.