மேரியில் நடந்த ஒழுக்க விசாரணை

டூரிங் சினிமாக் கொட்டகையின் கயிற்றைப் போலீஸ் சொல்தா அவிழ்த்துக்கொண்டிருந்தான்; மறுமுனையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார் முதலாளி யாகப்பன். பிரெஞ்சிந்தியாவின் நல்லொழுக்கம் முழுவதும் அன்று பிற்பகல் அந்த ஒரு கயிற்றில்தான் ஊசலாடியது என்றால் மிகையாகாது.

"மேரி கூப்பிடுது, வாய்யா."

"அவ கெடக்கா. அப்பறம் வரேன்னு சொல்லு," என்றார் யாகப்பன், மனைவி அந்தோணி மேரியை மனதில் வைத்து.

கூப்பிட்டது ஊர்த் தலைவரான மேர் உட்காரும் ஆபீசான மேரி என்று சொல்தா விளக்கியதும், தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஓடினார்.

எந்த ஊராட்சி, அதாவது எந்தக் கொம்யூன், என்று கேட்காதீர்கள். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் இருக்கிறது. விளம்பரம் அதற்குப் பிடிக்காது. அதன் மேரியில் 'திரைப்பட ஒழுக்கக் குழு' கூடியிருந்தது. தலைவர், மேர் அரங்கநாதன். சாந்த சொரூபி. போன தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்களின் மண்டைகள் 'தாமாகவே' பிளந்துகொண்டபோது அவர் பூஜை அறையை விட்டு வெளியே வரவேயில்லை. வரும் ஞாயிறு மறுபடியும் தேர்தல். பூஜைக்குப் பூவுக்குச் சொல்லியாகிவிட்டது.

குற்றவாளி, 'முரட்டு முனியன்' என்ற படம். பண்ணையார் கண்ணைக் காட்டினால் முனியன் ஊரையே அடிப்பான். முரடனைக் காட்டுகிற படத்துக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டா என்று காலையிலிருந்து ஆராய்ந்த குழு, உண்டு என்றும், அந்தப் பொறுப்பு யாகப்பனுடையது என்றும் கண்டுபிடித்திருந்தது. படம் பார்த்து ஜனங்கள் கெட்டுப்போனார்களாம். அதிலும் மேருடைய 'தேர்தல் தொண்டன்' கண்ணையன், கையில் தடியில்லாமல் யாரும் கண்டிராத அந்தச் சாது, ஆளே மாறிவிட்டானாம்.

யாகப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டார். இங்கே அனுமதி போனால் வேறெந்தக் கொம்யூனிலும் கிடைக்காது. கொட்டகையை அடுப்புக்குத்தான் போடவேண்டும்.

"முசியே மேர், கத்திக்குத்த வெட்டிடறேன். குடிசை எரியறதையும் எடுத்துடறேன்."

"அதெல்லாம் கலைப்பா. கை வைக்காத."

"கெழவனப் போட்டு மிதிக்கிறது?"

"அது தத்ரூபம். அதுக்காகவே ரெண்டு வாட்டி பார்த்தேன்," என்றார் குழு உறுப்பினர் சிவப்பிரகாசம், பக்தியோடு.

"பின்ன இன்னாதாங்க வெட்டறது?"

மேர் கதவைச் சாத்தச் சொன்னார். "கடைசி ரீலு."

யாகப்பன் விழித்தார். கடைசி ரீலில் ஒரு அறைகூடக் கிடையாது. தூக்குமேடையில் நிற்கும் முனியன், கூட்டத்தில் பண்ணையாரைத் தேடுவான். பண்ணையார் வந்திருக்கமாட்டார். பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். அத்தோடு சுபம்.

"படத்துல இருக்கிற ஒரே நீதி அதாங்க. அதப்போயி..."

"அந்த நீதிதான்யா ஊரக் கெடுக்குது." மேர் எழுந்து உள்ளறையைத் திறந்து காட்டினார். விறகுக்கடை மாதிரி தடிகள் குவிந்து கிடந்தன. "ஒன் படத்தப் பார்த்துட்டு கண்ணையனும் அவன் ஆளுங்களும் கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டானுங்க. ஞாயித்துக்கெழமைக்கு ஒருத்தனும் வரமாட்டானாம். வாசல்ல நின்னு என்னையே கேக்கறான்யா, 'எங்களத் தூக்குல போடறப்ப நீங்களாவது வருவீங்களா, முசியே மேர்?'ன்னு."