சந்தனம் பூசிய பென் டிரைவும் பெரியபட்டினத்துப் படையெடுப்பும்

"மாமா, வீட்டுக்கு மறதி வந்தா அது யாருகிட்டப் போயி கேக்கும்?"

கேட்டவள் மின்ஹா. அப்போது வயது ஆறு, முன்பல் இரண்டு இல்லை. பெரியபட்டினத்தில் மொபைல் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் காஜா நவாஸ், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு வீட்டுக்கு ஸ்மார்ட் ஹோம் அமைத்துக் கொடுக்க வந்தபோது கூடவே கூட்டி வந்த மகள். கேள்வியைப் போட்டுவிட்டு அவள் கடைவாயால் முறுக்குக் கடிக்கப் போய்விட்டாள். கேள்வி மட்டும் அந்த வீட்டுக் கூடத்தில், உத்தரத்தில் மாட்டிய காலி ஊஞ்சல் கொக்கி போல, தொங்கிக்கொண்டே இருந்தது.

அக்கேள்வியால் துயில் இழந்த அவ்வீட்டுத் தலைவன், மாவீரன் பாண்டீஸ்வரன் வாழ்க. கண்மாய் நீர் பாயும் நான்கு ஏக்கருக்கு ஏக சக்கரவர்த்தி. ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியே துண்டெறிந்து இடம் பிடிப்பதில் ஒருமுறையும் குறி தவறாத வில்லாளன். உரக்கடை வரிசையில் இருபத்தேழு பேருக்குப் பின்னால் நின்றும் நிலைகுலையாத குன்றம். உத்தரகோசமங்கையில் மரகத மேனியாய் நின்று, ஆண்டெல்லாம் சந்தனத்துக்குள் அமைதி கொண்டிருக்கும் ஆடவல்ல பெருமானே, இவன் செய்த போரைச் சொல்லப் புகும் எளியேன் நாவில் பொய்யும் புறங்கூறலும் ஏறாமல் காத்தருள்வாய்.

அவ்வீட்டின் அரசி பூமயில். எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது உலகத்து ஓசைகளையெல்லாம் அவள் செவியிலிருந்து வாரிக்கொண்டு போயிற்று. அவள் வாய்ப்பேச்சை மட்டும் அது தொடவில்லை. தொட அஞ்சியது என்று சொல்வோரும் உண்டு. எதிரே நிற்பவரின் உதடு அசைவதைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்து, மீதிப் பாதியையும் தானே சொல்லி முடித்துவிடுவாள். ஆனால் கணவன் வயலுக்குப் போன பின்பு, வாசற்கதவு திறந்தால் தெரியாது. குக்கர் கூவினால் தெரியாது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து முருங்கை மரத்துக்கு அடியில் இன்னொரு கண்மாய் உண்டானாலும் தெரியாது.

ஆகவே காஜா நவாஸ் உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, அவ்வீட்டுக்கு ஒளியால் பேசக் கற்றுக்கொடுத்தான். வாசற்கதவைத் தட்டினாலோ திறந்தாலோ அடுக்களை விளக்கு இரண்டு முறை சிமிட்டும். குக்கர் கூவினால், ஒரு கூவலுக்கு ஒரு மஞ்சள் மின்னல். தொட்டி நிரம்பினால் நீலம். வயலிலிருந்து கணவன் போனில் பொத்தானை அமுக்கினால் கூடத்தில் பச்சை. சோற்றை வடிக்கலாம், வந்துகொண்டிருக்கிறான் என்று பொருள். எந்த விளக்கு, எந்த நிறம், எத்தனை நொடி என்பதையெல்லாம் மூன்று ஆண்டுகளாக நாளொரு திருத்தம் சொல்லிச் சொல்லிப் பூமயிலே சமைத்தாள். அது அவள் இயற்றிய மொழி. அந்த மொழியின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, பெட்டிக்குள் செருகிய நகக்கண் அளவு மெமரி கார்டு ஒன்றில் குடியிருந்தது.

அக்கார்டுக்கு மறதி வந்தால்?

மின்ஹாவின் கேள்விக்கு விடையாகக் காஜா நவாஸ் மூன்று அரண்களை எழுப்பிக் கொடுத்தான். கடைவீதி பேக்கப் என்று அழைக்கும் காப்புப்படி, நாள்தோறும் அதிகாலை நான்கு மணிக்கு, யாரும் எழுப்பாமல், யாரும் ஏவாமல், தானே எழுந்து தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும். ஒரு படி பெட்டிக்குள்ளேயே இருக்கும். இன்னொரு படி, பெட்டியின் விலாவில் செருகிய பென் டிரைவில் ஏறும். மூன்றாவது, இணையத்தின் வழியே இரண்டு பேருந்து தூரம் பறந்து, பெரியபட்டினத்துக் கடையின் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு சிறிய ஹார்டு டிஸ்கில் போய் அடையும். வழியில் எவரும் திறந்து பார்க்காதபடி, இருபத்தெட்டு எழுத்துச் சாவி ஒன்றால் பூட்டப்பட்டே அது போகும். சாவியை ஒரு தாளில் எழுதி நம் தலைவன் கையில் கொடுத்து, "அண்ணே, பெட்டி போனாலும் போகட்டும், இது போகக்கூடாது" என்று காஜா நவாஸ் சொன்னான். தலைவன் தலையசைத்து அதைச் சட்டைப் பையில் வைத்தான். மனிதர் தலையசைத்துச் சட்டைப் பையில் வைத்தவற்றை மட்டும் தொகுத்தால் ஒரு தனி உலகம் ஆகும்.

மூன்று ஆண்டுகள் இவ்வாறு இனிதே கழிந்தன. அப்போது ஆயுத பூஜை வந்தது.

அரிவாளும் மண்வெட்டியும் டிராக்டரும் தையல் மிஷினும் மிக்ஸியும் திருநீறும் பொட்டுமாகத் திருவோலக்கம் கொண்ட அந்தக் காலையில், தலைவனின் கண் கறுப்புப் பெட்டியின்மேல் விழுந்தது. நாள் முழுதும் உழைக்கும் கருவி அன்றோ? கிண்ணத்தில் இருந்ததோ சாதாரணச் சந்தனம் அன்று. உத்தரகோசமங்கையில் வாழும் அவன் அக்காள் மகேஸ்வரி, ஆருத்ரா தரிசனத்தின்போது பெற்று, பத்து மாதம் பொத்திக் காத்து, பூஜைக்கென்றே அனுப்பிய கோயில் சந்தனம். பன்னீரில் குழைத்திருந்தான். அக்கணத்தில் அவன் சித்தத்தில் ஒரு பேருண்மை உதித்தது: மரகதத் திருமேனியையே ஆண்டெல்லாம் காப்பது இந்தச் சந்தனம் என்றால், கேவலம் ஒரு பென் டிரைவை அது காக்காதா?

அவன் பென் டிரைவை உருவினான். தலைக்கும் வாலுக்கும், வாய்க்கும் வஞ்சகமின்றி, முழுக்காப்பு சாத்தினான்.

"வாயில அப்பாதீக. அது மூச்சு விட வேணாமா?" என்றாள் பூமயில், அடுக்களை வாசலிலிருந்து.

செவியில்லாதவள் சொன்னது செவியுள்ளவனுக்கு ஏறவில்லை. ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் நெற்றிக்கும் விலாவுக்கும் சந்தனத்தை வழித்துவிட்டு, ஈரம் சொட்டும் பென் டிரைவைப் பழைய இடத்தில் செருகினான், சூடம் கொளுத்தினான். மணி அடித்தது. பெட்டியின் பச்சைக் கண் ஒருமுறை நடுங்கியது, இருமுறை நடுங்கியது, பின்பு, புயலில் கரை தேடித் தேடிக் களைத்த வள்ளத்தின் விளக்கு அணைவது போல, அணைந்தது. பிழை சந்தனத்தினுடையது அன்று, பன்னீரினுடையதும் அன்று. அன்பு மிகுந்த இடத்தில் அறிவு சற்று நேரம் திண்டாடும், அவ்வளவுதான். ஆயினும் கார்டு மாண்டது. பென் டிரைவும் அதன்மேலேயே விழுந்து மாண்டது. ஒரே கிண்ணத்தால் இரண்டு அரண்கள் வீழ்ந்தன.

தலைவன் கொல்லையில் டிராக்டருக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்த வேளை, வாசலில் பால்காரர் வந்து, பத்து நிமிடம் கதவைத் தட்டித் திரும்பிப் போனார். அடுக்களை விளக்கு சிமிட்டவில்லை. அதைப் பின்னர் அறிந்த பூமயில் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாத வீடு எவ்வளவு பெரியது என்று தலைவன் அன்றுதான் கண்டான்.

கலங்கிய நெஞ்சினன் தமக்கைக்குப் போன் செய்தான். மகேஸ்வரியின் பேரறிக்கை உத்தரகோசமங்கையிலிருந்து இடியென முழங்கிற்று: "ஏலே பாண்டி, நீ ஒண்ணும் ரோசன பண்ணாத. நாளைக்கு மொதப் பஸ்ஸுக்கு நா வாரேன். அவள எப்பிடித் தனியா விடுறது? தை முடியுற மட்டும் அங்கனயே இருந்து நா பாத்துக்கிறேன்."

அவன் முகத்தைப் பார்த்தே முழு அறிக்கையையும் படித்துவிட்ட பூமயில், அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"மதினி தங்கமான மனுசி. போன தடவ வந்தப்ப ஒரு டம்ளரக் கூட என்னைய எடுக்க விடல. அவுக வந்தா எனக்கு ஒரு கொறையும் இருக்காது. அதாங்க எனக்குக் கொறை."

தன் வீட்டில் தான் தனியாக இருக்கும் பகல், அதில் தன் கையால் திறக்கும் கதவு: எட்டு ஆண்டுகளில் மூன்றை மட்டுமே அவள் அப்படி வாழ்ந்திருந்தாள். அந்தப் பகல்கள் அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா என்பது மறுநாள் முதல் பேருந்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

எழுந்தான் பாண்டீஸ்வரன். மாண்ட பெட்டியை மஞ்சள் துணிப்பையில் கிடத்தி, அப்பையை மார்போடு அணைத்து, அன்றே ஒரு பேருந்தில் இராமநாதபுரமும் அங்கிருந்து மறு பேருந்தில் பெரியபட்டினமும் நோக்கிப் படையெடுத்தான். முழங்கை என்னும் வேல்கள் நாற்புறமும் பாய்ந்தன. வாழைத்தார் ஒன்று யானையின் துதிக்கை போல் அவன் தோளில் மோதிற்று. பொரிமூட்டைகள் மதில்களாய் எழுந்தன. எதற்கும் அவன் பையைக் கீழே வைத்தானில்லை.

காஜா நவாஸ் பெட்டியைத் திறந்து, முகர்ந்தான்.

"அபிசேகமே பண்ணிருக்கீக போல. பன்னீரா?"

"அக்கா குடுத்து விட்ட சந்தனம், பாய்."

"வாசம் நல்லாத்தான் இருக்கு. தேங்கா மட்டும் ஒடைக்காம விட்டீகளே, அதுக்கு நன்றி." பல் தேய்க்கும் பிரஷும் ஸ்பிரிட்டும் கொண்டு பெட்டியைத் துடைத்தான், மாண்டவற்றை ஒதுக்கிப் புதிய கார்டு எடுத்தான். மேசைக்கு அடியில் இருந்த டிஸ்கை லேப்டாப்பில் கூப்பிட்டுப் பார்த்தான். "இன்னைக்கு காலைல நாலு மணி வரைக்கும் இருக்குண்ணே. மூணு வருசத்துல ஒரு நா கூடத் தவறல. சாவியச் சொல்லுங்க, தொறப்போம்."

சாவி. தலைவனின் கை சட்டைப் பைக்குச் சென்றது. அச்சட்டையோ மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சட்டை அன்று.

"அது இல்லாம அல்லா நெனச்சாத்தான் உண்டு," என்றான் காஜா நவாஸ் மெதுவாக. "புதுசா எழுதணும்னா ஒரு மாசம் ஆகும். அதுவும் பூமயில் அக்கா பழையபடி ஒவ்வொண்ணாச் சொல்லணும்."

வீடியோ காலில் வீடு தெரிந்தது. பூமயில் தெரிந்தாள். சொல்லவும் கூசிச் சொன்ன அவன் உதடுகளை அவள் படித்தாள், எழுந்து போனாள், ஒரு பெரிய காப்பித்தூள் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாள். சட்டையை ஊறப் போடுமுன் பையைத் துழாவி, அகப்பட்ட தாளையெல்லாம் அதில் போட்டுவைப்பது அவள் வழக்கம் என்பதை, இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவன் அறிந்தானில்லை.

பின்பு நடந்தது ஓர் அணிவகுப்பு. கேமரா முன்னே தாள்கள் ஒவ்வொன்றாய் வந்து நின்று பெயர் சொல்லிப் போயின. நயினார்கோயில் பேருந்துச் சீட்டு. மண் பரிசோதனைச் சீட்டு. எவருடைய கல்யாணத்திலோ மொய் எழுதியவர் போன் நம்பர். "இது பல் டாக்டர் எழுதுனது. நாளைக்குப் போறேன்னு சொல்லி ரெண்டு வருசம் ஆச்சு," என்று அவள் ஒன்றைச் சற்று நேரம் கூடுதலாகக் காட்டினாள். காஜா நவாஸ் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டான். பதினெட்டாவதாக, நான்காய் மடித்த ஒரு தாள் விரிந்தது. இருபத்தெட்டு எழுத்துகள், ஒன்று குறையாமல்.

பூட்டுத் திறந்தது. புதிய கார்டுக்குள் பழைய மொழி சொட்டுச் சொட்டாக இறங்கலாயிற்று. அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மேலே ஃபேன் சுற்றித் தளர்ந்து நின்றது. தலைவனின் உயிரும் அவ்வண்ணமே தளர்ந்து, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தது. டிஸ்கின் பச்சைப் புள்ளி அணையவில்லை. பக்கத்தில் இருந்த இன்வெர்ட்டரிலிருந்து ஒரே ஒரு வயர் அதற்குப் போயிற்று. காஜா நவாஸ் மொபைல் அட்டைப்பெட்டியின் மூடி ஒன்றை எடுத்து, பழகிய கையால் விசிறிக்கொண்டான். அந்த மூடியின் ஓரம் வியர்வையில் ஊறி ஊறி நைந்திருந்தது.

"ஃபேனையும் இதுல குடுக்கலாமே, பாய்?"

"ரெண்டையும் சேத்துக் குடுத்தா கொஞ்ச நேரத்துல படுத்துருதுண்ணே. ஒண்ணத்தான் தாங்குது. நா விசிறிக்கிருவேன். ஒங்க டப்பாவுக்குக் கை இல்லையே."

மூன்று கோடைகள். உப்புக்காற்றும் புழுக்கமுமான மூன்று கோடைகளில் எத்தனை முறை கரண்ட் போயிருக்கும் என்று தலைவன் எண்ண முயன்று, முடியாமல் விட்டான். மூன்றாம் அரண் எதனால் கட்டப்பட்டிருந்தது என்பது அவனுக்கு அப்போது தெரிந்தது. அவன் குனிந்து இன்வெர்ட்டரின் பேட்டரியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டான். நன்றி சொல்லியிருந்தால் காஜா நவாஸ் சிரித்துப் பேச்சை மாற்றியிருப்பான். இறைவன் தன் காவலை இப்படித்தான், யாரும் பாராத மேசைகளுக்கு அடியில், எளியோர் கையில் கொடுத்து வைத்திருக்கிறான் என்பதே எளியேன் துணிபு.

பொழுது சாயுமுன் வெற்றி வீரன் ஊர் திரும்பினான். பெட்டியை அரியணை ஏற்றினான். சந்தனக் கிண்ணத்தைக் கைக்கு எட்டாத மேல்தட்டுக்கு அனுப்பினான். வெளியே போய், வாசற்கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திறந்தான்.

அடுக்களையில் விளக்கு இரண்டு முறை சிமிட்டியது.

ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த பூமயில் திரும்பவில்லை. கரண்டியை வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். அப்புறம் எப்போதும்போல், "வந்தது யாரா இருந்தாலும் செருப்ப வெளிய விட்டுட்டு வரட்டும்" என்றாள். பிறகு போனை எடுத்து மகேஸ்வரிக்குத் தானே எழுதினாள்: மதினி, வீடு சரியாயிருச்சு. நீங்க பொங்கலுக்கு விருந்தாளியா வாங்க. நா சமைச்சுப் போடுறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விதைநெல் விசாரிக்க இராமநாதபுரம் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட பாண்டீஸ்வரன், மெய்யாகவே விசாரித்துவிட்டு, மேலும் ஒரு பேருந்து ஏறினான். ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது காஜா நவாஸ் கடையைப் பூட்டுவதில்லை. வாசலுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். பகல் ஒரு மணிக்குத் தெரு முழுவதும் பள்ளிவாசலில் இருந்தது. நாற்காலியை ஓசையின்றி நகர்த்தி உட்புகுந்து, மேசையின் அடிவாரத்தில் முழந்தாளிட்டு, டார்ச் ஒளியில் இன்வெர்ட்டர் பேட்டரியின் ஆறு மூடிகளையும் டிராக்டர் பேட்டரி பார்த்துப் பழகிய கண்ணால் நோக்கினான் அந்த நால் ஏக்கர் வேந்தன். ஆறும், தண்ணீர் வற்றிவிட்டது என்று காட்டும் சிவப்பில் கிடந்தன. தாகத்தால் நா வறண்டு, ஒரு விசிறியையும் ஒரு டிஸ்கையும் சேர்த்துச் சுமக்க வலுவற்று, கேட்கவும் வாயற்றுக் கிடந்த அந்த ஆறு கிணறுகளின் முன்னே, வானமே பொய்த்தாலும் நான் பொய்யேன் என்று எழும் கார்மேகம் போல, அவன் தன் பையிலிருந்து வெண்ணிறக் கேன் ஒன்றை உயர்த்தினான்.

பாண்டீஸ்வரன் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஃபேன் வயரையும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு, நாற்காலியைப் பழையபடி போட்டுவிட்டு, ஒன்றரை மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.