ஓடிய குற்றத்துக்காக ஒரு விசாரணை

கடிகாரத்தைக் கண்டுபிடித்ததை மனித குலத்தின் சாதனை என்கிறார்கள். அதை நிறுத்திக் காட்டியதுதான் சாதனை என்பது என் தாழ்மையான கருத்து. இரண்டாயிரமாவது ஆண்டில், ஹைதராபாத் மல்காஜ்கிரியில், மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றில் அந்தச் சிகரத்தை நாங்கள் மூவர் தொட்டோம்.

எங்கள் அமைப்பின் பெயர் 'தட்சிணப் பழங்கடிகாரப் பேரவை'. தலைவர் வைத்தியநாதன், காஞ்சன்பாக்கில் ராணுவ ஆய்வகம் ஒன்றில் விநாடியை ஆயிரமாகக் கூறுபோட்டு அளக்கும் அதிகாரி. செயலாளர் அடியேன், ராஜாராமன். ஜீடிமெட்லாவில் மருந்து அட்டைகளில் காலாவதித் தேதி சரியாக அச்சாகிறதா என்று பார்ப்பவன். மூன்றாமவர் நாகர்கோவில்காரரான ஃபெலிக்ஸ். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்று உலகமே நடுங்கியபோது, அமெரிக்க வங்கி ஒன்றின் தேதிகளைத் திருத்திக்கொடுத்தவர். எங்களில் பொருள் அவரிடம் மட்டுமே இருந்ததால் அவரே பொருளாளர்.

அந்தப் பொருளை அவர் ஜும்மேராத் பஜார் என்னும் வியாழக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் நாற்பத்து மூன்று பழைய கடிகாரங்களாகவும் ஒரு பாரோமீட்டராகவும் மாற்றித் தன் மல்காஜ்கிரி ஃபிளாட்டை நிறைத்தார். பாரோமீட்டரின் முள் எந்நாளும் 'கடும்புயல்' என்றே காட்டும். அதை மதித்து ஃபெலிக்ஸ் மே மாதத்தில் மழைக்கோட்டோடு அலுவலகம் போனார்.

பேரவையின் முதல் விதி, கடிகாரம் ஓடக் கூடாது. ஓடினால் அது 'பயன்பாட்டுப் பொருள்'. நின்றால்தான் 'பாரம்பரியம்'. பேட்டரிக் கடிகாரம் வீட்டுக்குள்ளேயே நுழையக் கூடாது. ஃபெலிக்ஸின் மனைவி புஷ்பாவின் கைக்கடிகாரத்துக்கு இவ்விதமாகக் கட்டாய ஓய்வு கொடுக்கப்பட்டது. அந்த அம்மாள் எதிர்வீட்டுக் குக்கர் விசிலை வைத்து நேரத்தை ஊகித்துக்கொண்டிருந்தார்.

"மணி என்னங்க?" என்று கேட்டால் ஃபெலிக்ஸ், "எந்த மணி? விக்டோரியாவா, நிஜாமா?" என்பார்.

அடுத்த ஜனவரியில் புஷ்பாவின் தங்கைக்கு நாகர்கோவிலில் கல்யாணம். பெட்டி கட்டி, ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். ஃபெலிக்ஸ் மூன்று தரம் நிஜாம் காலத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மூன்று தரமும், "நாலு பத்துதான் ஆகுது. நிறைய நேரம் கெடக்கு," என்றார். அவர்கள் ஸ்டேஷனை அடைந்தபோது நடைமேடையில் ரயில் தவிர எல்லாம் இருந்தன. எட்டு மாதமாக அதில் நாலு பத்துதான் என்று நான் பிற்பாடு ஆறுதல் கூறினேன். ஏனோ புஷ்பாவுக்கு ஆறுதல் ஏற்படவில்லை. தங்கையின் கழுத்தில் தாலி ஏறியதைப் புகைப்படத்தில் பார்த்து ஒரு முழு நாள் அழுதார்.

அடுத்த வாரம் ஃபெலிக்ஸ் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், ஒண்ணு ஓடுது."

"எங்கே ஓடுது? பிடிங்க!"

"செவுத்துலதான் சார் இருக்கு. இருந்த இடத்துலயே ஓடுது."

அவசரக் கூட்டம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஃபெலிக்ஸ் வீட்டில் என அறிவிக்கப்பட்டது. தலைவர் இரண்டரைக்கு வந்தார், நான் மூன்றேகாலுக்கு. இருவருமே நேரம் தவறாமையில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். நிஜாம் கடிகாரம் கொஞ்சமும் கூச்சமின்றி டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நக்கோ பா, நக்கோ!" என்று தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். முப்பது வருட ஹைதராபாத் வாசத்தில் அவருக்கு 'வேண்டாம்' 'நக்கோ'வாகவும் 'எதுக்கு' 'கைக்கு'வாகவும் மாறியிருந்தன. "கைக்கும்மா இப்படிப் பண்ணினேள்? யாரை வெச்சு ரிப்பேர் பண்ணினேள்?"

"யாரையும் வைக்கல சார்," என்றார் புஷ்பா. "மூடியத் தொறந்து பாத்தேன். வண்டியில கொண்டுவரும்போ ஆடக் கூடாதுன்னு கடைக்காரன் பெண்டுலத்தைச் சணல் வெச்சுக் கெட்டியிருக்கான். அவுத்து விட்டேன். சாவி குடுத்தேன். எதுத்த வீட்டுல மணி கேட்டு முள்ளைத் திருப்பி வெச்சேன். அம்புட்டுதான்."

பேரவை அதிர்ந்தது. "அந்தச் சணல் நிஜாம் காலத்துச் சணலா இருந்தா?" என்று கேட்டேன்.

"சாக்குமூட்டைச் சணல். குப்பையில கெடக்கு, வேணும்னா எடுத்துக்கிடுங்க."

தலைவர் தீர்மானம் வாசித்தார்: மேற்படி கடிகாரம் உடனடியாக நிறுத்தப்பட்டு, 'பாரம்பரிய நிலைக்கு' மீட்கப்பட வேண்டும். பொருளாளர் கையொப்பமிட வேண்டும்.

புஷ்பா உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். "தங்கச்சியும் மாப்ளையும் சென்னைக்கு வந்திருக்காவ. சாயங்கால வண்டிக்கு நான் போறேன். கல்யாணத்துக்குத்தான் போவ முடியல, மொகத்தையாவது பாத்துட்டு வாறேன்." பிறகு கணவரைப் பார்த்தார். "நீங்க நல்லா யோசிச்சு ஒப்பு போடுங்க. இந்த வீட்டுல உங்களுக்குத்தான் நேரமே போவாதே."

ஃபெலிக்ஸ் பேனாவை மூடினார். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாக ஒரு கடிகாரத்தை அதன் வயதைக் கேட்காமல் பார்த்தார்.

"மணி மூணு நாப்பது. நான் துணி எடுத்து வைக்க அஞ்சு நிமிஷம் போதும். நில்லு, நானும் வாறேன்."

"டிக்கெட்?"

"நின்னுக்கிட்டே வாறேன்."

புஷ்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "சார், எழும்புங்க. வீட்டைப் பூட்டணும்," என்றார் எங்களிடம்.

ஆட்டோ கிளம்பிய பிறகு தலைவரும் நானும் பூட்டிய கதவுக்கு வெளியே, மாடிப்படியில் அமர்ந்து கூட்டத்தைத் தொடர்ந்தோம். பேரவை ஒரு பொருளாளருக்காகக் கலங்குவதில்லை. கடிகாரத்தைக் கண்டித்தும் ஃபெலிக்ஸை நீக்கியும் இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின.

"நேரம் போட்டுக் கையெழுத்துப் போடும் ஓய்," என்றார் தலைவர். நான் என் பாக்கெட் கடிகாரத்தை எடுத்தேன். பன்னிரண்டரை. தலைவர் தன்னுடையதை எடுத்தார். ஆறேகால். இரண்டு பேரும் பூட்டிய கதவைப் பார்த்தோம்.

உள்ளே கடிகாரம் அடித்தது. தலைவர் உதட்டுக்குள் எண்ணினார். நான் விரல் விட்டு எண்ணினேன்.

"நாலு," என்றார் தலைவர், கிசுகிசுப்பாக.

'மாலை நான்கு மணி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். குற்றவாளியிடமே நேரம் கேட்டு அதற்குத் தண்டனை விதித்த நீதிமான்கள் இந்தத் தட்சிணத்தில் எங்களைத் தவிர எவரும் இல்லை.